கடைக்குக் கேமரா கொட்டேஷன்: 4 மெகாபிக்சல், 2.8 எம்எம், டபிள்யூடிஆர், எச்.265+ என்றால் என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

துணிக்கடை_பிரிக்ஃபீல்ட்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்களுக்குச் சின்னத் துணிக்கடை. நீளமான கடைவீடு, கண்ணாடிக் கதவு தெருவைப் பார்த்து இருக்கிறது, கவுன்ட்டர் உள்ளே தள்ளி. தீபாவளி நெருக்கத்தில் ஒரு திருட்டு நடந்தது. பழைய கேமராவில் ஆள் வந்ததும் போனதும் பதிவாகியிருந்தது, ஆனால் முகம் கறுப்பாக ஒரு நிழல்தான். போலீஸ் ரிப்போர்ட் கொடுக்கும்போது அதைப் பார்த்தவர், இதை வைத்து யார் என்று சொல்ல முடியாது என்றார்.

இப்போது புதிதாகப் போடக் கொட்டேஷன் வந்திருக்கிறது. அதில் உள்ளது: 4 மெகாபிக்சல் டோம் கேமரா 8, எல்லாம் 2.8 எம்எம் லென்ஸ், டபிள்யூடிஆர், ஐஆர் 30 மீட்டர், ஐபி67, ஐகே10, 8 சேனல் பிஓஇ என்விஆர், எச்.265+, 2 டிபி ஹார்ட் டிஸ்க், 30 நாள் பதிவு, ஆன்விஃப்.

எனக்கு வேண்டியது வாசலில் நுழைகிறவர் முகம், கவுன்ட்டரில் பணம் கைமாறுவது, இரண்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். இந்தக் கொட்டேஷனில் அது கிடைக்குமா?

ஒயர்மேன்_ஜெலுத்தோங்:

தம்பி, முதலில் ஒரு கேள்வி. வாசலைப் பார்க்கிற கேமராவை எங்கே மாட்டப் போகிறார்கள்? கதவிலிருந்து எத்தனை மீட்டர்? அது தெரியாமல் 4 மெகாபிக்சல் நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. கொட்டேஷனில் தூரம் எழுதாமல் லென்ஸ் எழுதியிருந்தால், அவர் கடையை அளந்து பார்க்கவில்லை என்று அர்த்தம்.

துணிக்கடை_பிரிக்ஃபீல்ட்ஸ்:

கவுன்ட்டருக்கு மேலே உத்தரத்தில் என்றார் அண்ணே. அங்கிருந்து கதவுக்குச் சுமார் 10 மீட்டர்.

ஒயர்மேன்_ஜெலுத்தோங்:

அப்படியென்றால் 2.8 எம்எம் வாசலுக்கு உதவாது. விளக்குகிறேன்.

எம்எம் என்பது லென்ஸின் குவியத் தூரம். எண் சின்னதாக இருந்தால் பார்வை அகலம், பெரிதாக இருந்தால் பார்வை குறுகலாகி தூரத்து ஆள் பெரிதாகத் தெரிவார். சாதாரணக் கேமராவில் 2.8 எம்எம் ஏறக்குறைய 100 டிகிரி காட்டும். 6 எம்எம் அதில் பாதிதான், 50 டிகிரி சொச்சம்.

4 மெகாபிக்சல் என்றால் படத்தின் குறுக்கே 2560 புள்ளிகள். அது மாறாது. மாமாக் கடையில் ரொட்டி சானாய் மாவை வீசி விரிக்கிறார்களே, மாவு அதே அளவுதான், விரிய விரிய மெல்லிசாகிறது. 100 டிகிரி லென்ஸ் 10 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 24 மீட்டர் அகலத்தைப் பார்க்கிறது. 2560 புள்ளியை 24 மீட்டருக்குப் பங்கிட்டால் ஒரு மீட்டருக்கு 107. உங்கள் கடையின் அகலம் அதில் கால் பங்குகூட இருக்காது, மீதிப் புள்ளியெல்லாம் பக்கச் சுவருக்குப் போய்விடும். அதே இடத்தில் 6 எம்எம் போட்டால் பார்வை அகலம் சுமார் 10 மீட்டர், ஒரு மீட்டருக்கு 250 புள்ளிக்கு மேல் கிடைக்கும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

லெப்பாஸ்_எஞ்சினியர்:

அண்ணன் சொன்ன கணக்குக்கு அனைத்துலகத் தரமே இருக்கிறது. ஐஇசி 62676-4 என்ற ஆவணம். அதன் 2014 பதிப்பில் ஒரு மீட்டருக்கு எத்தனை புள்ளி என்பதை வைத்துப் படிகள் பிரித்திருந்தார்கள். 25 புள்ளி இருந்தால் ஆள் ஒருவர் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கலாம். 62 இருந்தால் என்ன மாதிரி உடை, என்ன செய்கிறார் என்று கவனிக்கலாம். 125 இருந்தால் ஏற்கெனவே பழகிய ஆளை இவர்தான் என்று சொல்லலாம். முன்பின் தெரியாத ஒருவரைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அடையாளம் காட்ட 250 வேண்டும். விற்பனைத் தாள்களில் டோரி தூரம் என்று நான்கு எண் போட்டிருப்பார்கள், அது இதுதான். பெரும்பாலும் ஒரு கேமராவை விற்கும்போது முதல் எண்ணை மட்டும் பெரிதாகச் சொல்வார்கள், ஏனென்றால் அதுதான் நீளமான தூரம். கடைக்காரர் கேட்க வேண்டியது நான்காவது எண்.

உங்கள் கொட்டேஷன்படி கதவில் கிடைப்பது 107. உங்கள் கடை ஊழியரைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. வருகிறவர் வேற்று ஆள் என்றால் பேச்சே இல்லை.

செந்தூல்காரன்:

இவ்வளவு கணக்கு எதற்கு? 8 மெகாபிக்சல் வாங்கிப் போடுங்கள், பிறகு பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம். லோ யாட் கணினிச் சந்தையில் இப்போது விலை நிறைய இறங்கிவிட்டது.

லெப்பாஸ்_எஞ்சினியர்:

செந்தூல் அண்ணே, மன்னிக்கணும், அது சரியாக வராது. 8 மெகாபிக்சலில் குறுக்கே 3840 புள்ளி. அதே 2.8 எம்எம், அதே 10 மீட்டர் என்றால் மீட்டருக்கு 160. இரண்டு மடங்கு மெகாபிக்சல் வாங்கியும் 6 எம்எம் போட்ட 4 மெகாபிக்சல் கேமராவுக்குப் பின்னால்தான் நிற்கிறது.

இன்னொரு விஷயம் சென்சார், அதாவது கேமராவுக்குள் ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு. விலை குறைந்த 2 மெகாபிக்சல் கேமராவிலும் விலை குறைந்த 8 மெகாபிக்சல் கேமராவிலும் பல நேரம் 1/2.8 அங்குலம் என்ற ஒரே அளவுச் சென்சார்தான் இருக்கும். அதே இடத்தில் நான்கு மடங்கு புள்ளியை அடைத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் கால் பங்கு வெளிச்சம்தான் விழும். பகலில் அழகாக இருக்கும். ராத்திரியில் படம் முழுக்க மணல் தூவினாற்போல் வரும். மெகாபிக்சல் ஏற ஏறச் சென்சார் அளவும் ஏறுகிறதா, 1/1.8 அங்குலம் போல, என்று பார்த்து வாங்குங்கள்.

பெரிதாக்கிப் பார்ப்பது பற்றி: பதிவான பிறகு பெரிதாக்குவது டிஜிட்டல் ஜூம். பதிவாகாத விவரத்தை அது கொண்டுவராது.

செந்தூல்காரன்:

சரி தம்பி, சென்சார் விஷயம் நான் யோசிக்கவில்லை. அப்போ வேரிஃபோகல் எடுத்தால்?

ஒயர்மேன்_ஜெலுத்தோங்:

அது நல்ல யோசனை. 2.8 முதல் 12 எம்எம் வரை திருகி வைத்துக்கொள்ளலாம். வாசல் கேமரா ஒன்றுக்கு மட்டும் அதைக் கேளுங்கள். மாட்டிய பிறகு கதவில் ஒரு ஆளை நிறுத்தி, திரையில் முகத்தைப் பார்த்து, லென்ஸை அங்கேயே பூட்டிவிடலாம். மற்ற கேமராவெல்லாம் 2.8 நிலை லென்ஸாகவே இருக்கட்டும், கடைக்குள் நடமாட்டம் பார்க்க அகலம்தான் வேண்டும்.

கேமரா உயரத்தையும் பாருங்கள் தம்பி. உத்தரத்தில் மாட்டினால் தொப்பிதான் தெரியும், முகம் தெரியாது. முகத்துக்கான கேமரா எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கை எட்டாத உயரம் போதும்.

லெப்பாஸ்_எஞ்சினியர்:

நிழலாகத் தெரிந்த முகம் பற்றி யாரும் பேசவில்லை. இந்தத் திருட்டில் முகம் போனதற்கு முதல் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கடைக்குள் டியூப் லைட் வெளிச்சம், கண்ணாடிக்கு வெளியே நம் ஊர் மத்தியான வெயில். ஷட்டர் வேகம் என்பது ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விடுவது என்ற அளவு. கேமரா ஒரு நேரத்தில் ஒரு ஷட்டர் வேகம்தான் வைக்க முடியும். வெயிலுக்கு ஏற்ப வைத்தால் உள்ளே நிற்பவர் கறுப்பு. உள்வெளிச்சத்துக்கு ஏற்ப வைத்தால் கதவு முழுக்க வெள்ளை. டபிள்யூடிஆர் உள்ள கேமரா வேகமான ஷட்டரில் ஒரு படமும் மெதுவான ஷட்டரில் ஒரு படமும் அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. எவ்வளவு வித்தியாசத்தைத் தாங்கும் என்பதை டெசிபெல்லில் சொல்வார்கள். 120 டெசிபெல் என்றால் மங்கலான இடத்துக்கும் பிரகாசமான இடத்துக்கும் பத்து லட்சம் மடங்கு வரை.

இங்கே கவனம் வேண்டும். கொட்டேஷனில் வெறுமனே டபிள்யூடிஆர் என்று போட்டிருக்கிறார்கள். டிடபிள்யூடிஆர் அல்லது டிஜிட்டல் டபிள்யூடிஆர் என்று ஒன்று உண்டு. அது ஒரே படத்தை எடுத்து இருட்டான பகுதியை மென்பொருளால் வெளுப்பாக்குவது மட்டும்தான். உங்கள் கண்ணாடிக் கதவுக்கு அது போதாது. 120 டெசிபெல் என்று எண்ணோடு எழுதித் தரச் சொல்லுங்கள். பிஎல்சி என்று இருந்தாலும் திருப்திப்படாதீர்கள், அது மொத்தப் படத்தையும் வெளுக்க வைத்து நடுவில் உள்ளவரைக் காட்டுவது.

இரவில் டபிள்யூடிஆரை நிறுத்திவிடுவது நல்லது. இரண்டு படங்களைச் சேர்ப்பதால் நடக்கிறவர் ஓரத்தில் இரட்டை உருவம் வரும். நேரம் வைத்துத் தானாக மாறும்படி பல கேமராக்களில் வசதி இருக்கிறது.

துணிக்கடை_பிரிக்ஃபீல்ட்ஸ்:

ரொம்ப நன்றி. ஷட்டர் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். பழைய கேமராவில் ஆள் வேகமாகப் போனால் இழுபட்டதுபோல் தெரியும்.

லெப்பாஸ்_எஞ்சினியர்:

அதுவும் ஷட்டர்தான். வெளிச்சம் குறைந்தால் கேமரா தானாகவே ஷட்டரை 1/25 நொடி வரை மெதுவாக்கும். சாதாரணமாக நடப்பவர் நொடிக்கு 1.5 மீட்டர் போகிறார், 1/25 நொடியில் 6 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். கண்ணும் மூக்கும் கலந்துபோக அது போதும். நொடிக்கு எத்தனை பிரேம் என்று பலர் கேட்பார்கள், ஆனால் பிரேம் அதிகமானால் அசைவு சீராகத் தெரியுமே தவிர ஒவ்வொரு பிரேமும் தெளிவாகாது. தெளிவுக்கு ஷட்டர் 1/100க்குக் கீழே இறங்காதபடி கட்டுப்படுத்தி, கதவருகே ஒரு விளக்கு கூடுதலாகப் போடுங்கள்.

1/100 என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட் நொடிக்கு 100 தடவை துடிக்கிறது. கேமராவில் 60 ஹெர்ட்ஸ் அல்லது என்டிஎஸ்சி என்று விட்டுவைத்திருந்தால் படத்தில் பட்டை பட்டையாக ஏறி இறங்கும். பிஏஎல் (PAL), 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

கணக்குப்பிள்ளை_கேஎல்:

எனக்குக் கேமரா தெரியாது, எண் மட்டும் தெரியும். 8 கேமரா, 2 டிபி, 30 நாள் என்பது ஒத்துப்போகிறதா என்று யாராவது பார்த்தீர்களா?

லெப்பாஸ்_எஞ்சினியர்:

நல்ல வேளை கேட்டீர்கள். 2 டிபி என்பது 2000 ஜிபி. 30 நாளுக்கும் 8 கேமராவுக்கும் பங்கிட்டால் ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 8.3 ஜிபி. அதை பிட்ரேட்டாக மாற்றினால் நொடிக்கு 0.77 மெகாபிட்.

பிட்ரேட் என்பது கேமரா ஒவ்வொரு நொடியும் எவ்வளவு தரவு அனுப்புகிறது என்ற அளவு. 4 மெகாபிக்சல் படத்துக்கு எச்.265இல் ஆள் நடமாட்டமுள்ள கடைக்கு 2 முதல் 4 மெகாபிட் வைப்பார்கள். 2 மெகாபிட் என்றால் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 21.6 ஜிபி, எட்டுக்கும் சேர்த்து 173 ஜிபி. 2 டிபி டிஸ்க் 11 அல்லது 12 நாளில் நிரம்பி, பழையதை அழித்து எழுதத் தொடங்கிவிடும்.

ஆக, கொட்டேஷனில் உள்ள 30 நாள் வர வேண்டுமென்றால் பிட்ரேட்டை முக்கால் மெகாபிட்டுக்கு இறக்கியாக வேண்டும். இறக்கினால் 4 மெகாபிக்சல் என்று பெயர்தான் இருக்கும், அசைகிற முகம் கட்டம் கட்டமாக உடையும். ரெசல்யூஷன் அதிகம், பிட்ரேட் குறைவு என்ற இந்தச் சேர்க்கையை நான் பல இடங்களில் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். வாங்குபவர் நல்ல கேமராவுக்குப் பணம் கொடுத்துவிட்டு, பதிவில் அதை இழந்துவிடுகிறார்.

கணக்குப்பிள்ளை_கேஎல்:

அப்போ 30 நாளுக்கு 5.2 டிபி வேண்டும். 6 டிபி கேட்கலாம்.

லெப்பாஸ்_எஞ்சினியர்:

ஆமாம். 24 மணி நேரமும் எழுதுவதற்கென்று செய்த கண்காணிப்பு டிஸ்க்காகக் கேளுங்கள், கம்ப்யூட்டர் டிஸ்க் வேண்டாம்.

எச்.265+ பற்றியும் சொல்லிவிடுகிறேன். எச்.264, எச்.265 இரண்டும் வீடியோவைச் சுருக்கி வைப்பதற்கான பொதுத் தரம். 2013இல் வந்த எச்.265 அதே தரப் படத்துக்கு எச்.264ஐவிடப் பாதியளவு இடம் போதும் என்ற நோக்கத்தில் வந்தது. பின்னால் உள்ள + குறி தயாரிப்பாளர்கள் தாங்களாகச் சேர்த்தது. அசையாத சுவர், தரைக்குத் தரவைக் குறைத்து, அசைகிற இடத்துக்குக் கூட்டும். ஸ்டோர் ரூமுக்கு அருமையாக இருக்கும். தீபாவளிக் கூட்டத்தில் படம் முழுக்க அசைகிறதே, அப்போது மிச்சம் ஒன்றும் இருக்காது. வேறு நிறுவன என்விஆரில், அதாவது பதிவுப் பெட்டியில், சில நேரம் ஓடவும் ஓடாது.

ஐ-பிரேம் இடைவெளி என்று ஓர் அமைப்பு இருக்கும். வீடியோவில் எல்லாப் பிரேமும் முழுப் படம் அல்ல. முழுப் படமாக வருவது ஐ-பிரேம், மற்றவை முந்தைய பிரேமிலிருந்து எது மாறியது என்று மட்டும் சொல்பவை. இடைவெளியை மிக நீளமாக்கினால் இடம் மிச்சம், ஆனால் ஒரு குறிப்பிட்ட நொடிக்குப் போய்ப் பார்க்கும்போது தடுமாறும். நொடிக்கு 25 பிரேம் என்றால் 50 வைத்தால் போதும்.

மசாலாக்கடை_ஜார்ஜ்டவுன்:

நடுவில் நுழைவதற்கு மன்னியுங்கள். லெபோ பாசாரில் மாமியார் காலத்திலிருந்து நடத்தும் கடை. பழைய கேமராவுக்கு இழுத்த கறுப்பு ஒயர் சுவருக்குள் இருக்கிறது. பழங்காலக் கட்டடம், சுவரைத் திரும்பவும் துளைக்க மனம் வரவில்லை. நெட்வொர்க்கில் இயங்கும் ஐபி கேமரா போட எல்லா ஒயரையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். வேறு வழி இருக்கிறதா?

ஒயர்மேன்_ஜெலுத்தோங்:

இருக்கிறது அக்கா. அந்த ஒயர் கோஆக்சியல், ஆர்ஜி59 ஆக இருக்கும், முனையில் பிஎன்சி என்று திருகி மாட்டும் தலை இருக்கும். எச்டி-டிவிஐ, எச்டி-சிவிஐ, ஏஎச்டி என்று மூன்று வகைக் கேமரா உண்டு, மூன்றும் அதே ஒயரில் உயர்தரப் படம் அனுப்பும். இந்த வகைகளை எல்லாம் ஏற்கும் டிவிஆர் பதிவுப் பெட்டி கிடைக்கிறது, எக்ஸ்விஆர் என்று கேளுங்கள். ஐபி கேமராவின் லேன் ஒயர் 100 மீட்டரோடு நிற்க வேண்டும், கோஆக்சியல் அதைவிட நெடுந்தூரம் போகும். உங்கள் மாதிரிக் கட்டடத்துக்கு இதையே நான் சொல்வேன். தலைகளில் மட்டும் பச்சை பூத்திருக்கும், கடற்கரை ஊர் இல்லையா, அவற்றைப் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் தம்பிக்கு ஒயர் பற்றி ஒன்று. பிஓஇ என்றால் ஒரே லேன் ஒயரில் படமும் மின்சாரமும் போகும். 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட். ஒயர் முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்துக்கு மேலே செம்பு பூசிய ஒயர் சந்தையில் மலிவாகக் கிடைக்கும், சிசிஏ என்று பெட்டியில் இருக்கும். ராத்திரி ஐஆர், அதாவது இருட்டில் பார்க்க உதவும் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது மின்சாரம் போதாமல் கேமரா அணைந்து அணைந்து எரியும். பகலில் சோதித்தால் பிழை தெரியாது.

மசாலாக்கடை_ஜார்ஜ்டவுன்:

நன்றி அண்ணே. ராத்திரியில் கடைக்கு முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதைக் கேமராவில் படம் முழுக்க வெள்ளையாக மறைக்கிறது, அது எதனால்?

ஒயர்மேன்_ஜெலுத்தோங்:

சிலந்தி வலை அக்கா. ஐஆர் விளக்கின் சூட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். லென்ஸுக்குப் பக்கத்திலேயே ஒளி பட்டுத் திரும்பி வருவதால் தூரத்தில் உள்ளது தெரியாது. டோம் என்றால் கண்ணாடி மூடியில் கைரேகை, தூசி இருந்தாலும் அதே கதிதான். அஞ்சடிக்கு டரட் வகை போடுங்கள், அதில் மூடி கிடையாது. ஐஆரைக் கொஞ்சம் தள்ளித் தனி விளக்காக வைத்தால் இன்னும் நல்லது. 850 நானோமீட்டர் ஐஆர் லேசாகச் சிவப்பாகத் தெரியும், தூரம் போகும். 940 கண்ணுக்கே தெரியாது, தூரம் குறைவு.

கொட்டேஷனில் உள்ள ஐபி67க்கும் ஐபி கேமராவுக்கும் சம்பந்தமில்லை. அது தூசியும் தண்ணீரும் உள்ளே போகாத அளவு. ஐகே10 என்பது அடி தாங்கும் அளவு, 20 ஜூல். இரண்டும் வெளியே மாட்டும் கேமராவுக்கு வேண்டும். கடைக்குள் உள்ளதுக்கு அதற்காகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

கொண்டோ_கமிட்டி:

எங்கள் கொண்டோவில் கைபேசியில் பார்க்க வசதியாக ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்து வைத்திருக்கிறார்கள். ஆபத்து என்கிறார் மகன். உண்மையா?

லெப்பாஸ்_எஞ்சினியர்:

மகன் சொல்வது சரி ஐயா. அது உங்கள் என்விஆரை நேரே இணையத்தின் முன் நிறுத்துவது. 2016இல் மிராய் என்ற நச்சுநிரல் பரவியது. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் அது பிடித்துக்கொண்டது. அவற்றை ஏவி அந்த அக்டோபரில் இணைய முகவரிகளைத் தேடித் தரும் டைன் (Dyn) என்ற நிறுவனத்தின் சேவையை முடக்கியதில் அமெரிக்காவில் பெரிய தளங்களே திறக்கவில்லை. அந்தப் போர்ட்டையும், தானாகவே போர்ட் திறக்கவிடும் யுபிஎன்பி வசதியையும் மூடுங்கள். விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாகப் பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றி, சாதனத்துக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்து வையுங்கள்.

ஆன்விஃப் இங்கேதான் பயன்படும். 2008இல் ஆக்சிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து தொடங்கிய பொது ஏற்பாடு. ஒரு நிறுவனக் கேமரா வேறு நிறுவன என்விஆரோடு பேச அது வழி செய்கிறது. பழைய கேமராவுக்குப் புதுப்பிப்பு நின்றுபோனால் அதை மட்டும் மாற்றலாம். வெறும் ஆன்விஃப் என்று இருந்தால் போதாது, எச்.265க்கு ப்ரொஃபைல் டி (T) இருக்கிறதா என்று கேளுங்கள்.

சட்டம்_அக்கா:

பதிவு நீதிமன்றம் வரை போகலாம் என்பதால் இதையும் கவனியுங்கள். 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு கணினி உருவாக்கிய ஆவணத்தை ஏற்க இடம் தருகிறது. அந்தச் சாதனத்தை நிர்வகிக்கும் பொறுப்பில் உள்ளவர் கையெழுத்திட்ட சான்றிதழ் கொடுக்கலாம். திரையைக் கைபேசியால் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு நிறுத்திவிடாதீர்கள். என்விஆரிலிருந்தே அசல் கோப்பை எடுத்து வையுங்கள், அதுவும் டிஸ்க் மேலெழுதுவதற்குள். நேரம் சரியாக இருக்க வேண்டும். என்டிபி என்ற அமைப்பை இயக்கிவிட்டால் கடிகாரம் தானாகச் சரிசெய்துகொள்ளும். படத்தில் உள்ள நேரம் ரசீது நேரத்தோடு ஒத்துப்போகாவிட்டால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வியாபார நடவடிக்கையில் ஒருவர் தரவைச் சேகரித்தால் தெரிவிக்க வேண்டும், அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தேவைக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் வசதியைச் சேர்க்கச் சொன்னால் ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள். 2024 திருத்தத்தில் பயோமெட்ரிக் தரவும் கூடுதல் பாதுகாப்புக்குரிய தரவாகச் சேர்ந்துவிட்டது.

துணிக்கடை_பிரிக்ஃபீல்ட்ஸ்:

எல்லாருக்கும் நன்றி. கன்ட்ராக்டரிடம் பேசினேன். கணக்கைக் காட்டியதும் மறுப்புச் சொல்லாமல் கடைக்கு வந்து அளந்தார். வாசலுக்கு வேரிஃபோகல், 120 டெசிபெல் டபிள்யூடிஆர். 6 டிபி கண்காணிப்பு டிஸ்க், பிட்ரேட் 2 மெகாபிட்டுக்குக் குறையாது என்று எழுதித் தந்திருக்கிறார். உள்ளே ஐகே10 வேண்டாம் என்று சொன்னதில் கொஞ்சம் விலை குறைந்தது. கவுன்ட்டர் கேமரா நேர் மேலே 2 மீட்டரில், அதற்கு என்ன லென்ஸ்?

ஒயர்மேன்_ஜெலுத்தோங்:

பணம் எண்ணும் கை தெரிய வேண்டும் என்றால் அங்கேயும் 6 எம்எம் போடுங்கள் தம்பி. 2 மீட்டரில் அது சுமார் 2 மீட்டர் அகலம் காட்டும், கல்லாப்பெட்டியும் மேசையும் அடங்கிவிடும், மீட்டருக்கு 1300 புள்ளி கிடைக்கும், நோட்டின் நிறம்கூடத் தெரியும். இடி அதிகமுள்ள ஊர், வெளியே போகும் ஒயருக்கு சர்ஜ், அதாவது திடீர் மின்னழுத்த ஏற்றத்திலிருந்து பாதுகாப்பு கொட்டேஷனில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இப்போதே சேர்க்கச் சொல்லுங்கள். பணம் முழுவதும் கொடுக்கும் முன் ஒரு தடவை மத்தியானமும் ஒரு தடவை கடை மூடிய பிறகும் கதவில் ஆளை நடக்கவிட்டு, நேரலையில் இல்லை, பதிவில் பாருங்கள்.